காலையின் வானம், மாலையின் நிலம்

மங்கலம்
12.2.1988

தம்பி செங்கோட்டையனுக்கு மயிலாள் எழுதுவது.

போட்டோப் போட்டியில் நீ பரிசு வாங்கிய சேதியை என் முதலாளி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. போகட்டும், கோயமுத்தூரில் பெரிய ஆளாகிவிட்டாய், இனி அப்படித்தான் இருப்பாய்.

படத்தைப் பார்த்தேன். எங்கள் சலவைப் பட்டறை ஆபீஸில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. "மயிலா, இங்க வா புள்ள. உன்ற தம்பி நம்ம பாறைக்காட்டை என்ன பண்ணி வெச்சிருக்கான் பாரு" என்று பொங்கியண்ணன் முதலாளியே கூப்பிட்டுக் காட்டினார். தினமும் பனியன் துணியை அலசிக் கொண்டுபோய் விரிக்கிற இடம்தான். ஆனாலும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலே அப்படி ஒரு மேகக் கூட்டம். கீழே வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக ஆற்றங்கரை வரைக்கும் போகிறது. ஓர் ஆள் கிடையாது. அடியில் உன் பெயரும் 'பூப்பறிக்கிற நோம்பி, 1988' என்றும் எழுதியிருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நோம்பிக்கு ஊரே பூப்பறிக்கப் போனபோது எங்களுக்கு மட்டும் ஆர்டர் அவசரம் என்று வேலை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? காலையில் நீ தண்ணீர்த் தொட்டி மேலே ஸ்டாண்டை நிறுத்திப் படம் பிடித்துவிட்டு, என் வீட்டில் சோறு தின்று தூங்கப் போனாய். நீ தூங்கின நேரத்தில், பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்த அழகுமலையின் கண்ணில் மருந்துத் தண்ணீர் தெறித்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்கிறானே, ஒச்சாயி புருஷன், அவன்தான். பாதிப் பேர் அவனைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். மீதிப் பேரை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவனுக்கு இடது கண் போய்விட்டது.

ஒச்சாயி சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தொழிலாளர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். முதலாளி என்ன சொல்கிறார் தெரியுமா? "நோம்பியன்னைக்கு எவனுங்க வேலைக்கு வருவான்? பட்டறை பூட்டிக் கெடந்துதுங்க. அவன் ஊட்டுல சுண்ணாம்பு கரைக்கறப்ப கண்ணுல பட்டிருக்கும்" என்கிறார். அதற்குச் சாட்சி உன் படம். அன்றைக்கு எடுத்தது, பரிசு வாங்கியது, பேப்பரில் வந்தது, களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

காலையில் எடுத்த படத்தில் ஆட்கள் இருப்பார்களே, தம்பி. அதைத் தேடி எடுத்துக்கொண்டு வா. பங்குனிக் கடைசியில் விசாரணை.

அக்கா
மயிலாள்


கோயமுத்தூர்
21.2.1988

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோவில் வைத்துப் படிக்கப் பயந்து, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். அழகுமலைக்கு இப்படி ஆனது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் சாயங்காலம் எழுந்து வந்தபோது பாறைக்காட்டில் யாருமே இல்லை. படத்தை எடுத்தேன், பஸ் பிடித்தேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மாமாவிடம்கூட வாய் விடாதீர்கள். நீங்கள் பார்த்தது ஒரு படம் இல்லை, இரண்டு. காலையில் மேகம் அருமையாக இருந்தது, ஆனால் உச்சி நோக்கிப் போகிற வெயிலில் துணி தட்டையாகக் கிடந்தது. நீங்கள் எல்லோரும் வேறு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தீர்கள். மாலையில் சாய்ந்த வெயில் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக் காட்டியது, ஆனால் வானம் வெறுமனே வெளுத்துப்போயிருந்தது. ஸ்டாண்டை அசைக்காமல் விட்டுப் போயிருந்ததால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து விழுந்தவை. அதனால் இருட்டறையில் ஒரே தாளில் இரண்டு நெகட்டிவையும் இறக்கினேன். வானத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு மாலையின் நிலம். பிறகு நிலத்தை மறைத்துக்கொண்டு காலையின் வானம். ஒட்டு தெரியாமல் இருக்க அட்டையை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறையத் தாளை வீணடித்த பிறகுதான் கை பழகியது.

இதில் தப்பில்லை, அக்கா. பெரிய பெரிய ஆட்கள் செய்கிறார்கள். ஆனால் இந்தப் போட்டிக்கு ஒரே நெகட்டிவாக இருக்க வேண்டும் என்று விதி. அப்படித்தான் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேடையில் கேட்டார்கள். "மேகம் வரும் வரைக்கும் காத்திருந்து ஒரே அமுக்கில் எடுத்தேன்" என்றேன். கை தட்டினார்கள். இந்தப் பரிசை வைத்துத்தான் ஸ்டுடியோ முதலாளி என்னைக் கல்யாண வீடுகளிலிருந்து விடுவித்து, காலண்டருக்கு நிலக்காட்சி எடுக்க வால்பாறைக்கு அனுப்பப் போகிறார். எத்தனை வருஷமாக இதைக் கேட்டு அவர் பின்னால் அலைந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

காலையில் எடுத்த நெகட்டிவ் இப்போது என்னிடம் இல்லை. கீறல் விழுந்துவிட்டது, எறிந்துவிட்டேன். அழகுமலைக்கு வேறு சாட்சி கிடைக்காமலா போகும்?

செங்கோட்டையன்


மங்கலம்
26.2.1988

தம்பிக்கு,

எறிந்துவிட்டாயாக்கும். சின்ன வயசில் தீப்பெட்டி மேலே ஒட்டின படத்தைக்கூட எறியாமல் டப்பா டப்பாவாகச் சேர்த்துவைத்தவன் நீ. நான்தான் அந்த டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீடு மாறினேன். என்னிடம் போய் இந்தக் கதையை அளக்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே துணியை எடுத்து மடித்துவிடுவோம், பனி இறங்கினால் திரும்ப அலச வேண்டும். நீ எத்தனையோ தடவை வந்து பார்த்திருக்கிறாய். அன்றைக்குச் சாயங்கால வெயிலில் அத்தனை துணியும் எடுப்பாரில்லாமல் கிடந்ததே, ஏன் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எடுக்க வேண்டியவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் உனக்கு அந்த மடிப்பும் மண்ணாங்கட்டியும் கிடைத்தது.

மயிலாள்


கோயமுத்தூர்
9.3.1988

அக்காவுக்கு,

நான் எழுதியது பொய்தான். நெகட்டிவ் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு கல்யாணத்துக்குப் படம் எடுத்தேன். பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் கண் நிற்கவில்லை. அந்தச் சாயங்காலம் தொட்டி மேலே ஏறி நின்று, "நல்ல வேளை, ஒருத்தரும் இல்லை" என்று நான் சந்தோஷப்பட்டதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆமாம், வாய்விட்டே சொன்னேன். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒருவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது, அக்கா. யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் ஆள் இல்லாதபோது அந்த நெகட்டிவை எடுத்து மாட்டினேன். வானத்துக்கு அளந்து எடுத்ததால் அதில் நிலம் மெலிந்துபோய்க் கிடந்தது. அந்தப் பாதியை நான் அதுவரை அச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை, அட்டை வைத்து மறைத்ததோடு சரி. வெளிச்சத்தைக் குறைத்துப் பெரிதாக்கினேன். மருந்துத் தட்டில் தாளை ஆட்டிக்கொண்டிருக்கும்போது முதலில் பவுடர் தொட்டியின் விளிம்பு வந்தது. பிறகு அழகுமலை வந்தான். தலையில் முண்டாசு, கையில் கலக்குகிற கோல். முகம் நன்றாகத் தெரிகிறது. இரண்டு கண்ணோடும் இருக்கிறான்.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் துணிக்கூடையோடு குனிந்து நிற்கிறாள். முகம் தெரியவில்லை. மேலே ஆண் சட்டை, சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிச் செருகியிருக்கிறாள். கூடையை இடுப்பில் சாய்த்துப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அது நீங்கள்தான்.

இதை எழுதுவதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. நேற்று பொங்கியண்ணன் இங்கே வந்திருந்தார், பனியன் வாங்குகிற பையருக்குக் கொடுக்க இன்னும் பிரதி வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக, "உங்கக்காளும் எழுதிக் குடுத்துருச்சுங்க தம்பி, நோம்பிக்குப் பட்டறை பூட்டித்தான் கெடந்துதுன்னு. கையெழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார்.

நிஜமா, அக்கா? என்னைப் பொய்யன் என்று அவ்வளவு பேசினீர்களே. படத்தைக் கொண்டுவந்தால் என் பரிசு போகும், அது என் பாடு. ஆனால் நீங்கள் எழுதிக்கொடுத்ததும் அதே தாளில் பொய்யாகிவிடும். கொண்டுவரட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

செங்கோட்டையன்


மங்கலம்
14.3.1988

தம்பிக்கு,

நிஜம்தான். நீ கேட்டது சரிதான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அடுப்பு மேட்டிலேயே செருகி வைத்திருந்தேன், பதில் எழுத முகம் இல்லை.

நாங்கள் குடியிருக்கிற லைன் வீடு முதலாளியுடையது. உன் மாமாவுக்குத் தறி வேலை நின்றுபோய் ஐப்பசியிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். அழகுமலை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே கணக்குப்பிள்ளை பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். நான் உன் மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போட்டுரு மயிலா, நமக்கெதுக்கு வம்பு" என்றார். போட்டேன். கைநாட்டு வைத்தவர்களாவது என்ன எழுதியிருந்ததோ தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எட்டாவது படித்தவள். ஒவ்வொரு வரியும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவள்.

ஒச்சாயி ஒரு தடவை வாசலுக்கு வந்தாள். "ஏக்கா, நீங்களும் பாத்தீகள்ல? நீங்கதான எம் புருசன் கண்ணுல தண்ணி ஊத்துனீக?" என்று கேட்டாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

உன்னை ஏன் கூப்பிட்டேன் என்று இப்போது சொல்கிறேன். உன் படம் பேசிவிட்டால் நான் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன். யார் யாரோ இருப்பார்கள், அழகுமலை இருப்பான் என்றுதான் இருந்தேன்; நானும் அதில் விழுந்திருப்பேன் என்று எண்ணவே இல்லை. என் கோழைத்தனத்தை உன் தலையில் கட்டப் பார்த்தேன்.

கொண்டு வா. ஆனால் அந்தப் பெண் யாரென்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. வீடு போகும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஆண் சட்டையோடு குனிந்து நிற்கிற கோலத்தில் என்னை வக்கீலும் கிளார்க்கும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. முகம் தெரியவில்லை என்று எழுதினாயே, அது போதும். உன்னிடம் பொய் சொல்லாதே என்று எழுதியவளே இப்போது ஒரு பொய் சொல்லச் சொல்கிறேன். சிரித்துக்கொள்.

மயிலாள்


கோயமுத்தூர்
7.4.1988

அக்காவுக்கு,

விசாரணையிலிருந்து சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். உங்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிசு வாங்கிய படம் இரண்டு நெகட்டிவால் ஆனது, மேலே இருப்பது காலை, கீழே இருப்பது மாலை, காலையின் முழுப் படம் இதுதான் என்று நெகட்டிவையும் பிரதியையும் மேஜையில் வைத்தேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். முதலாளியின் வக்கீல்தான் எழுந்தார்.

"ரெண்டை ஒண்ணாக்கத் தெரிஞ்சவரு நீங்க. வேற என்னைக்கோ எடுத்த ஆளுகளை இந்த வானத்துக்கு அடியில கொண்டாந்து ஒட்ட முடியாதுங்களா?"

"முடியுங்க."

"அதையே இன்னொரு தடவை படம் புடிச்சு நெகட்டிவாவும் பண்ணிக்கலாமுங்களா?"

"கஷ்டமுங்க. ஆனாப் பண்ணலாம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு ஒரு நாளாவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்புறம் அவர் அந்தப் பெண்ணைக் காட்டி யாரென்று கேட்டார். உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "தெரியாதுங்க" என்றேன். "பரிசுக்காகப் பொய் சொன்னவரு இங்க வந்து மட்டும் நெசம் பேசறாராமா" என்றார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அழகுமலை சிரிக்கவில்லை. மிச்சமிருக்கிற கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வால்பாறைக்கு வேறு ஆள் போகிறான். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே உண்மையான படத்தை ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதபடி பண்ணியதும் நானேதான். அழகுமலைக்குக் கெடுதல் செய்வதற்கென்றே கிளம்பி வந்தது போல ஆகிவிட்டது.

என்னைத் தேடாதீர்கள். கொஞ்ச நாள் எழுதவும் மாட்டேன்.

செங்கோட்டையன்


மங்கலம்
12.4.1988

தம்பி,

நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதுவதைப் படி.

நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை. வேறு சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். சங்கத்து ஆள் இல்லை என்றார். முதலாளி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் உன் படத்தை மேஜையில் போடும்போது, அந்தப் பெண்ணின் காலில் தெரிந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "விழுந்த தூசியைக்கூடத் தொடைக்கத் தெரியல, இவரெல்லாம் போட்டோகிராபருங்களா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. நீ பொய்யன் என்றார்கள், பொறுத்துக்கொண்டேன், அதில் நிஜம் இருந்தது. தொழில் தெரியாதவன் என்றதும் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் நின்றுவிட்டோமே என்று தெரிந்தது.

"அது தூசியில்லீங்க சாமி. என்ற கால்ல கட்டியிருந்த துணிங்க" என்றேன்.

அதிகாரி முன்னால் கூப்பிட்டார். என்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். "பொங்கலுக்கு மொத நாள் சாயங்காலம் மருந்து பட்டு வெந்து போச்சுங்க. ஊட்டுக்குப் போய்த்தான் துணியச் சுத்துனேனுங்க. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் லீவுங்க. நோம்பியன்னைக்கு அந்தக் கட்டோடதான் வேலைக்கு வந்தேனுங்க. மக்யாநாளு விடிஞ்சதுமே அவுத்துப் போட்டுட்டேனுங்க. கட்டோட நின்னு நான் வேலை செஞ்சது அந்த ஒரு நாளுதானுங்க. அழகுமலை கண்ணுக்குத் தண்ணி ஊத்துனதும் நாந்தானுங்க."

"நீங்க எழுதிக் குடுத்தது இருக்குதேம்மா?" என்றார் அதிகாரி.

"பொய்யிங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேனுங்க."

வக்கீல் விடவில்லை. முகமே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நான்தான் என்று சொல்லலாம், தழும்பு எங்கே என்றார். அதிகாரி, வேண்டாம், பெண் போலீஸைக் கூப்பிட்டுத் தனி ரூமில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் நான் சேலையை ஏற்றிவிட்டேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், படத்தில் இருக்கிற மாதிரியே, முழங்கால் வரைக்கும். அதிகாரி படத்தையும் பார்த்தார், என் காலையும் பார்த்தார், பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். உன் மாமா முகத்தை மூடிக்கொண்டார்.

சேலையை இறக்கிவிட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. கொசுவத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். அப்போது ஒச்சாயி எழுந்து வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கீழே குனிந்து, சேலையைக் கணுக்கால் வரைக்கும் இறக்கி நீவிவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நோம்பியன்று வேலை நடந்தது, விபத்து பட்டறையில்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அழகுமலைக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று சங்கத்து ஆள் சொல்கிறார். எங்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தாயிற்று. பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை கேட்டிருக்கிறேன். உன் மாமா என்னோடு பேசி இன்றைக்கு ஒரு வாரம் ஆகிறது, பேசுவார்.

உன் படத்தை அங்கே எல்லோரும் நம்பினார்கள். அதைப் பார்க்கத்தான் நீ இல்லை. எனக்கும் உன் அளவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, தம்பி. நான் நின்றேன். நீ பஸ் ஏறிவிட்டாய்.

மயிலாள்